ஃப்ளூ வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்வது யார்?

சென்னை, வேலூர் போன்ற ஊர்களில் ஃப்ளூ காய்ச்சல் அதிகமாகப் பரவுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் என்பதால், ஐப்பசி பிறந்ததும் நமக்கு வரும் கடிதங்களிலும் அந்தக் காய்ச்சலே நிறைந்திருக்கிறது. எந்த மருந்து சாப்பிடுவது, என்ன பத்தியம் இருப்பது என்று கேட்பவர்களைவிட, உடம்பு அந்தக் கிருமியை எப்படிக் கண்டுகொள்கிறது, சிலரிடம் மட்டும் நோய் ஏன் முற்றிவிடுகிறது என்று கேட்பவர்கள் இம்முறை அதிகம். அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்று வரும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: மூக்கில் நுழையும் ஃப்ளூ கிருமியால் அந்த நேரத்தில் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படியிருக்க, அது உள்ளே வந்துவிட்டது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது? அதை முதலில் கண்டுபிடிப்பது எந்த அணு? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் கண்டுகொள்வது இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணு அல்ல, கிருமி எந்த மூச்சுப்பாதைச் செல்லுக்குள் நுழைந்ததோ அந்தச் செல்லேதான். இன்ஃபுளுவென்சா வைரஸ் தன் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தைக் கொண்டு, நம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. போனதும், எட்டுத் துண்டுகளாக இருக்கும் தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைச் செல்லின் உட்கருவுக்கு அனுப்பி, அங்கே படியெடுக்கத் தொடங்குகிறது. நம்முடைய செல்லும் ஓயாமல் ஆர்.என்.ஏ. தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதால், எது தன்னுடையது, எது அந்நியருடையது என்று பிரித்தறிவது எளிதான காரியம் அல்ல. ஆனால் நம் தூது ஆர்.என்.ஏ.வின் முனை ஒரு வேதிக் குழுவால் மூடப்பட்டிருக்கும். வைரஸின் மரபு ஆர்.என்.ஏ. முனையிலோ மூன்று பாஸ்பேட்டுகள் மூடப்படாமல் அப்படியே நிற்கும். இந்தச் சிறிய வேறுபாட்டை உணர்வதற்கென்றே ரிக்-ஐ என்ற புரதம் செல்லுக்குள் இருக்கிறது. அது அந்த முனையில் ஒட்டியதும் வடிவம் மாறி, மைட்டோகாண்ட்ரியாவின் மேலிருக்கும் வேறொரு புரதத்துக்குச் செய்தியைக் கடத்த, அங்கிருந்து செய்தி உட்கருவை அடைந்து, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

இன்டர்ஃபெரான் கண்டுபிடிக்கப்பட்டதே இன்ஃபுளுவென்சா வைரஸைக் கொண்டுதான். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், அலிக் ஐசக்ஸ் என்பவரும் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லிண்டன்மன் என்பவரும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸை, கோழிக் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வின் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளின் மேல் விட்டபோது, அவற்றில் உயிருள்ள வைரஸால் வளர முடியவில்லை. செல்கள் எதையோ சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களைக் காப்பாற்றுகின்றன என்று 1957-இல் அவர்கள் அறிவித்தார்கள். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை 1933-இல் ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் உதவியால் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்தான். கிருமியையும் அதற்கு எதிராக உடம்பு எழுப்பும் முதல் குரலையும் ஒரே நிறுவனம் கால் நூற்றாண்டுக்குள் கண்டறிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்டர்ஃபெரான் நேரடியாக வைரஸைக் கொல்வதில்லை. பக்கத்துச் செல்களில் அது நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவற்றில் ஐஃபிட்டம்-3 என்ற புரதம், உள்ளே வந்த வைரஸ் செல்லின் சவ்வோடு இணைந்து தன் ஆர்.என்.ஏ.வை வெளியே விடுவதைத் தடுக்கிறது. எம்.எக்ஸ். என்ற புரதக் குடும்பம் படியெடுக்கும் வேலையையே முடக்குகிறது. ஃப்ளூ வைரஸை எளிதில் தாங்கிக்கொள்ளும் ஒரு சுண்டெலி வகையைக் கவனித்து, எம்.எக்ஸ். மரபணு பற்றிய ஆராய்ச்சிக்கு வழிதிறந்தவரும் லிண்டன்மன்தான்.

இனி, நீங்கள் கேட்ட அணுக்களுக்கு வருகிறேன். மூச்சுப்பாதையின் மேல்தோலுக்கு அடியிலும் இடையிலும் டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் பரவியிருக்கின்றன. நுரையீரலின் காற்றறைகளுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் குடியிருக்கின்றன. டென்ட்ரிடிக் செல்களில் பிளாஸ்மசைட்டாய்ட் என்று ஒரு வகை உண்டு. இவை வைரஸை விழுங்கி, தம் உள்ளறையில் இருக்கும் டி.எல்.ஆர்.-7 என்ற உணர்வியால் அதன் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, மற்ற எந்தச் செல்லும் சுரக்காத அளவுக்கு இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. தொற்றுக்கு உள்ளான செல்லில் வைரஸ் தன் என்.எஸ்.-1 புரதத்தால் இன்டர்ஃபெரான் உற்பத்தியை அடக்கப் பார்க்கும். தனக்குள் வைரஸ் பெருகும்வரை காத்திராமல், விழுங்கியதிலிருந்தே உணரும் பிளாஸ்மசைட்டாய்ட் செல்லிடம் அந்த உத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. இருந்தாலும் என்.எஸ்.-1 வாங்கித் தரும் அந்தச் சிறு அவகாசம் வைரஸுக்கு மிகவும் பயன்படுகிறது. தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் தொடங்க 1 முதல் 4 நாள் ஆவதும், காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய நாளிலேயே ஒருவர் மற்றவருக்குப் பரப்பிவிட முடிவதும் இந்த இடைவெளியில்தான்.

கேள்வி: கல்லூரிப் பாடத்தில் டென்ட்ரிடிக் செல் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது. அந்தச் செல் இல்லாவிட்டால் டி செல் வேலையே தொடங்காது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். டி செல்லே நேராக நுரையீரலுக்குப் போய் வைரஸைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா, ஏன் இடையில் ஒருவர்? (ஒரு மாணவி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் பேராசிரியர் சொல்வது சரி. பாடப்புத்தகம் இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பதுதான் எனக்கு வருத்தம்; ஏனென்றால், ஃப்ளூவுக்கு எதிராக உடம்பு முழுவதும் எழும் எதிர்வினைக்குத் தொடக்கம் இந்தச் செல்தான்.

டி செல் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும் உணர்வியோடு பிறக்கிறது. ஃப்ளூ வைரஸின் ஒரு குறிப்பிட்ட துண்டை அறியக்கூடிய, இதுவரை எதையும் சந்தித்திராத டி செல்கள், பல லட்சம் டி செல்களில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். அவ்வளவு அரிதான செல், உடம்பின் எந்த மூலையில் எந்தக் கிருமி நுழையும் என்று அறியாமல் ஒவ்வொரு திசுவாகத் தேடிச் சுற்றினால், வைரஸ் பெருகி முடிந்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். ஆகவே உடம்பு வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்காரர்கள் எல்லாரும் கூடுகிற வாரச்சந்தையைப் போல, டி செல்கள் நிணநீர் முடிச்சுகள் வழியாக மாறிமாறிப் போய்வந்துகொண்டே இருக்கின்றன. கிருமியின் அடையாளத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து காட்டும் பொறுப்பு டென்ட்ரிடிக் செல்லுடையது.

நுரையீரலில் இறந்துபோன செல்களின் சிதைவுகளையும் வைரஸின் புரதங்களையும் டென்ட்ரிடிக் செல் விழுங்குகிறது. கூடவே, வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதன் உணர்விகள் கண்டுகொள்வதாலும் சுற்றிலும் இன்டர்ஃபெரான் பரவியிருப்பதாலும் அதன் இயல்பே மாறுகிறது. விழுங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு, சி.சி.ஆர்.-7 என்ற உணர்வியை மேற்பரப்பில் ஏற்றி, அந்த உணர்வி காட்டும் வழியில் நிணநீர் நாளத்துக்குள் புகுந்து, மூச்சுக்குழாய்களை ஒட்டி நெஞ்சின் நடுவிலிருக்கும் நிணநீர் முடிச்சை ஓரிரு நாளில் அடைகிறது. அங்கே வைரஸ் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி, எம்.எச்.சி. என்ற தாங்கிப் புரதத்தில் ஏற்றிக் காட்டுகிறது. வெறும் வைரஸைக் காட்டினால் டி செல்லுக்குப் புரியாது, நம்முடைய எம்.எச்.சி.யோடு சேர்த்துக் காட்டினால்தான் அது அறியும் என்பதை 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்னாகல், பீட்டர் டோஹர்ட்டி ஆகியோர் வேறொரு வைரஸைக் கொண்டு நிறுவினார்கள். அவர்களுக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

துண்டைக் காட்டினால் மட்டும் போதாது என்பது இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. துண்டோடு சேர்த்து, சி.டி.80, சி.டி.86 என்ற இரண்டாவது அடையாளத்தையும் டென்ட்ரிடிக் செல் காட்ட வேண்டும். மூன்றாவதாக, இன்டர்லூகின்-12 போன்ற சுரப்பின் மூலம் எந்த வகையான எதிர்வினை தேவை என்பதையும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது அடையாளம் ஆபத்தை உணர்ந்த டென்ட்ரிடிக் செல்லில்தான் போதிய அளவுக்கு ஏறும். ஆபத்தில்லாத சமயத்தில் நம் சொந்தப் புரதத்தையோ, மூச்சோடு வந்த மகரந்தத்தையோ காட்ட நேர்ந்தால், இரண்டாவது அடையாளம் கிடைக்காத டி செல் ஓய்ந்துவிடுகிறது. நம் உடம்பை நாமே தாக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

மூன்றும் கிடைத்த டி செல் மளமளவென்று பிரிந்து பெருகுகிறது. நிணநீர் முடிச்சு வீங்குவது இதனால்தான். தொண்டைப் புண்ணில் கழுத்தில் நெறி கட்டுவதும் இதே வேலை கழுத்து முடிச்சுகளில் நடப்பதால்தான். முதன்முறையாக அந்த வைரஸைச் சந்திப்பவரிடம், தொற்று ஏற்பட்டு ஏறக்குறைய 5 முதல் 7 நாளில் சி.டி.8 வகை டி செல்கள் நுரையீரலை அடைந்து, வைரஸ் குடியிருக்கும் செல்களைத் தேடி அழிக்கின்றன. சி.டி.4 வகை, பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களுக்குத் துணைநின்று, வைரஸைப் பற்றிக்கொண்டு தடுக்கும் புரதமான ஆன்டிபாடி தரமாக உருவாக வழிசெய்கிறது. அந்த ஆன்டிபாடி இரத்தத்தில் நல்ல அளவை எட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

இந்தச் செல்லை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், ஜான்வில் கோன் ஆகியோர் சுண்டெலியின் மண்ணீரலில் கண்டு 1973-இல் எழுதினார்கள். பல ஆண்டுகள் அதன் முக்கியத்துவத்தைப் பலர் ஏற்கவில்லை. ஸ்டைன்மனுக்கு 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 3 அன்று. அவரோ செப்டம்பர் 30 அன்றே கணையப் புற்றுநோயால் காலமாகியிருந்தார். அந்தச் செய்தி தெரியாமலே குழு முடிவெடுத்திருந்ததால் பரிசு மாற்றப்படவில்லை. மாணவியாகிய நீங்கள் பாடத்தின் இரண்டு வரியைப் படிக்கும்போது இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிருமி இருப்பது மூக்கிலும் தொண்டையிலும் நெஞ்சிலும்தான் என்கிறீர்கள். அப்புறம் ஏன் இடுப்பும் கெண்டைக்காலும் முறித்துப் போட்டதுபோல் வலிக்கின்றன? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: வலிக்கிற இடத்தில் பெரும்பாலும் வைரஸ் இருப்பதில்லை. எச்சரிக்கையான செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்களிடையே செய்தி கடத்தும் புரதங்கள், இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இவற்றின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 என்ற வேதிப்பொருள் உருவாகி, உடல் வெப்பத்தின் வரம்பை உயர்த்துகிறது. குளிர் நடுக்கம் வருவது அந்தப் புதிய வரம்பை எட்டுவதற்காக. இதற்கு நேரடியான சான்று ஒன்று உண்டு. முன்பு ஹெப்பாடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவந்த காலத்தில், உடம்பில் ஃப்ளூ வைரஸ் சிறிதும் இல்லாத அவர்களுக்குக் காய்ச்சலும் குளிரும் மேல்வலியும் அப்படியே ஃப்ளூ போல வந்தன.

இரத்தம் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூ கண்ட சுண்டெலிகளின் தொண்டைப் பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் குறிப்பிட்ட நரம்புச் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2-ஐ உணர்ந்து, சோர்வையும் பசியின்மையையும் உண்டாக்குவதாகக் காட்டியது. பாராசிட்டமால் கொடுக்கும் நிம்மதி புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைப்பதால் வருவதே. வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஃப்ளூ காய்ச்சலில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரை நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ஆபத்து அதனால் வரலாம்.

கேள்வி: நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் வாலிபர்களே 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சலில் அதிகம் இறந்தார்கள் என்று படித்தேன். எதிர்ப்புச் சக்தியே எதிரியாகிவிடுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: ஆகலாம். ஆனால் அதை மட்டுமே காரணமாக்கிவிடுவது சரியாகாது.

1918-இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழக்கமான ஃப்ளூவில் மிகச் சிறியவர்களும் முதியவர்களும்தான் அதிகம் இறப்பார்கள். அந்த ஆண்டில் 20 முதல் 40 வயதுக்காரர்களிடையே சாவு வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. அந்த வைரஸை விஞ்ஞானிகள் 2005-இல், பழைய திசுக்களில் கிடைத்த மரபுத் தகவலைக் கொண்டு மீண்டும் உருவாக்கினார்கள். குரங்குகளுக்கு அதைச் செலுத்திப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கநிலை எதிர்வினை கட்டுக்கடங்காமல் நீண்டுகொண்டே போனதும் நுரையீரல் கடுமையாகச் சிதைந்ததும் தெரிந்தன. நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் இரத்தத்திலிருந்து அளவுமீறி வந்து குவியும்போது, அவை வெளியிடும் நச்சுப்பொருள்கள் வைரஸோடு காற்றறையின் மெல்லிய சுவரையும் சேதப்படுத்துகின்றன. காற்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. பிராணவாயு இரத்தத்தில் இறங்க வழியில்லாமல் போகிறது.

இதைத் தடுக்கும் ஏற்பாடும் உடம்பில் உண்டு. காற்றறையில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் சாதாரண நாள்களில், மூச்சோடு வரும் தூசுக்கெல்லாம் கொதித்தெழாமல் அமைதி காப்பவை. தொற்று வந்தபோதும் இறந்த செல்களை அகற்றிச் சுவரைக் காப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றை முன்கூட்டியே நீக்கிவிட்ட சுண்டெலிகளுக்கு ஃப்ளூ மிகக் கடுமையாக வருகிறது. பின்கட்டத்தில் டி செல்களில் சிலவே இன்டர்லூகின்-10-ஐச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன. எதிர்வினை தொடங்குவதைப் போலவே, அது முடிவதும் இந்தச் செல்கள் செய்யும் வேலைதான். தானாக நடப்பது அல்ல.

இரண்டாவது காரணம் பாக்டீரியா. 1918-இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் மாதிரிகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயங்கள் இருந்தன. வைரஸ் சுவரைச் சேதப்படுத்தி வழிவிடுவது ஒரு பக்கம் இருக்க, வைரஸை ஒழிக்க வந்த டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், மேக்ரோஃபேஜ்கள் பாக்டீரியாவை விழுங்கும் திறனையும் குறைத்துவிடுகிறது என்பது சுண்டெலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. இதனால் நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஃப்ளூ காய்ச்சல் இறங்கி உடம்பு தேறிவரும்போது, மீண்டும் காய்ச்சல் ஏறி, மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ கெட்டியான சளியோ கண்டால், அதைப் பழைய காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். முதல் நாள் ஃப்ளூவுக்கே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கால் எந்தப் பயனும் இல்லை.

எதிர்வினை மிகுந்துவிடுமே என்று பயந்து ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். வேறு காரணமில்லாமல் ஃப்ளூவுக்கென்று ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம் இல்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் நாளில் காவலைக் குறைப்பது தீங்காகவே முடியலாம். ஃப்ளூவுக்கென்றே உள்ள ஒசெல்டாமிவிர், வைரஸின் நியூராமினிடேஸ் புரதத்தைத் தடுத்து, புதிய வைரஸ்கள் செல்லைவிட்டுப் பிரிந்து போகாமல் செய்கிறது. மூச்சுப்பாதையில் வைரஸின் அளவு முதல் இரண்டு மூன்று நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும், முதியவர்களும் முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அதனால்தான்.

கேள்வி: தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதில்லை. ஃப்ளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நம் அணுக்களுக்கு நினைவு மறந்துவிடுகிறதா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மறப்பதில்லை அம்மா, பார்த்த முகம்தான் மாறிவிடுகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி, எழுதியதைத் திருத்திப் பார்ப்பதில்லை. பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆன்டிபாடி பற்றும் ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியில் ஏற்படும் பிழைகள் வைரஸுக்கு உதவுவதால் அவை நிலைத்துவிடுகின்றன. எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் புகும்போது துண்டுகளை மாற்றிக்கொண்டு முற்றிலும் புதிய வைரஸ் பிறக்கவும் முடியும். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 அப்படிப் பன்றி, பறவை, மனித வைரஸ்களின் துண்டுகள் கலந்து உருவானது.

டி செல்களின் நினைவு வேறு வகை. அவை வைரஸின் உட்புறப் புரதங்களின் துண்டுகளையும் அறிபவை. அந்தப் புரதங்கள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஊழியர்களையும் மாணவர்களையும் 2009-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது தொடர்ந்து கவனித்த ஆய்வு, அந்தப் புதிய வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி இல்லாதவர்களிலும், பழைய ஃப்ளூக்களால் உருவான சி.டி.8 நினைவுச் செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாக வந்ததைக் காட்டியது. இவை தொற்றைத் தடுப்பதில்லை. தொற்றிய செல்களைச் சீக்கிரம் அகற்றுகின்றன. இவற்றில் ஒரு பகுதி மூக்கிலும் நுரையீரலிலுமே தங்கிவிடுவதால், அடுத்த முறை நிணநீர் முடிச்சில் தொடங்கிப் பெருகிவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாழ்க்கையில் முதன்முதலில் எந்த ஃப்ளூவைச் சந்தித்தோம் என்பதும் நெடுங்காலம் நிற்கிறது. பறவைக்காய்ச்சல் வைரஸ்களில் எச்5என்1 இளையவர்களையும், எச்7என்9 முதியவர்களையும் அதிகம் பாதித்ததற்கு, 1968-க்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் எச்1 அல்லது எச்2 வகையையும், பின்னால் பிறந்தவர்களில் பலர் எச்3 வகையையும் முதலில் சந்தித்ததே காரணம் என்று 2016-இல் வந்த ஒரு விரிவான ஆய்வு வாதிட்டது. எச் என்பது ஹீமக்ளூட்டினினின் வகையைக் குறிக்கும் எழுத்து. எச்5, எச்1-க்கு உறவு. எச்7, எச்3-க்கு உறவு. பிறந்த ஆண்டே ஒருவகைக் காப்பாக அமைகிறது.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: பணத்தை அதில் போட வேண்டாம் என்றே சொல்வேன். மேலே எழுதியதையெல்லாம் படித்தால், ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சக்தி என்று ஒன்று உடம்பில் இல்லை என்பது விளங்கும். இன்டர்ஃபெரான் முதல் நாளில் விரைவாகச் சுரக்க வேண்டும்; அதே இன்டர்ஃபெரான் வாரக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் ஆறுவது தடைபடும். டென்ட்ரிடிக் செல் வைரஸுக்கு விழித்துக்கொள்ள வேண்டும். மகரந்தத்துக்கு விழித்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் ஒருசேரக் கூட்டுவது நடக்காத காரியம், நடந்தாலும் நல்லதல்ல.

குறைபாடு இருந்தால் நிரப்புவது வேறு விஷயம். புரதமோ துத்தநாகமோ வைட்டமின் டி-யோ குறைந்திருப்பவருக்கு அதை ஈடுசெய்வது அவசியம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், புகைபிடிப்பதை நிறுத்துவதும், விறகுப் புகை அடுக்களையில் தங்காமல் பார்த்துக்கொள்வதும் எந்தப் பொடியையும்விட மேலானவை. புகை, சளியைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்களை முடக்கி, முதல் காவலையே இல்லாமலாக்குகிறது. தூக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். சிகாகோவில் 2002-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், சில இரவுகள் தொடர்ந்து 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களிடம், ஃப்ளூ ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து இருந்த ஆன்டிபாடி, வழக்கம்போல் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை.

கேள்வி: ஃப்ளூ ஊசி போட்ட மறுநாள் எனக்குக் காய்ச்சலும் கைவலியும் வந்தன. ஊசியே ஃப்ளூவைக் கொடுத்துவிட்டதா? இப்போது என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி; அவளுக்குப் போடலாமா? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸோ, அதன் புரதங்களோதான்; அதனால் ஃப்ளூ வரவே முடியாது. உங்களுக்கு வந்தது, கைத்தசையில் இருந்த டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத்தை எடுத்துக்கொண்டு அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் புறப்பட்டபோது சுரந்த சைட்டோகைன்களின் விளைவு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். அப்படிக் காய்ச்சல் வராதவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள் அல்ல. பாதுகாப்பு ஏற்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழைக்காலம் வலுப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்குமாக, ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது. ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் காணப்படாததால், நான்கு வகை ஊசிக்குப் பதிலாக மூன்று வகை ஊசிக்கே திரும்பும்படி அந்த நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது.

உங்கள் மகள் தம் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லித் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். செயலிழக்கச் செய்த ஊசி கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடத்தக்கது. கர்ப்ப காலத்தில் ஃப்ளூ கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது என்பது மற்றொரு காரணம். அந்த மாதங்களில் பேரக்குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய ஆன்டிபாடி, உங்கள் மகளின் உடம்பில் இப்போது உருவாகி நஞ்சுக்கொடி வழியாகப் போவதுதான்.